வாணிக்குத் தெரிந்தவை, தெரியாதவை

தபால்காரர் வந்தபோது சாந்தாமணி தறிக்குடோனில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் கட்டைகளில் நூலைச் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. பதினாறு தறி ஒன்றாக ஓடும் இடத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. தபால்காரர் உறையை அவள் முகத்துக்கு நேராக நீட்டி ஆட்டினார். அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து பிரித்தாள்.

எட்டாவது வரை படித்தவள். அரசாங்கத் தமிழ் கொஞ்சம் மெதுவாகத்தான் அவளுக்குப் பிடிபடும். விண்ணப்பதாரரின் மகள் கோகிலவாணி, வயது எட்டு, மருத்துவக் குழுவால் பரிசோதிக்கப்பட்டார் என்று இருந்தது. குழந்தைக்கு எழுதப் படிக்கத் தெரிகிறது, எனவே மனவளர்ச்சிக் குறைபாடு இல்லை என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் அவள் நின்றுவிட்டாள். 'குழந்தையின் நடத்தைக்குத் தாயின் வளர்ப்புக் குறையே காரணம்.' கடைசியாக, ஊனச் சான்றிதழ் வழங்க இயலாது, ஆகவே உதவித்தொகையும் பஸ் பாஸும் வழங்க இயலாது.

அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு கடிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் வரை அவள் சுற்றிய தார் ஒன்றுகூட அறுந்துபோகவில்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். கோபம் அவ்வளவையும் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினாள்.

வாணி பிறந்தபோது நல்ல சிவப்பாக, கொழுகொழுவென்று இருந்தாள். குரல் கணீரென்று இருந்ததால்தான் அந்தப் பெயர். இரண்டு வயது வரை நாலைந்து வார்த்தை சொன்னாள். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கண்ணைப் பார்ப்பதில்லை. குக்கர் விசில் அடித்தால் தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். பல்லடத்தில் பார்க்காத வைத்தியம் இல்லை, கட்டாத கயிறு இல்லை. ஐந்து வயதில் யாரோ சொல்லி, பீளமேட்டில் டாக்டர் ராமாமணியிடம் கொண்டுபோனார்கள். அந்தம்மா நான்கு முறை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, இதற்கு ஆட்டிசம் என்று பெயர், யாரும் செய்த தப்பினால் வருவது இல்லை என்றார். சாந்தாமணி அந்தச் சொல்லை ஒரு சீட்டில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டாள். மூன்று வருடமாகப் பேய், சாபம், திமிர், செல்லம் என்று ஊர் வைத்த பெயர்களையெல்லாம் கேட்டவளுக்கு, இந்தப் பெயர் நிழலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பீளமேட்டிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. இடம் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கூடவே ஒரு ஆள் போக வேண்டும். அந்த ஆள் வேலைக்குப் போக முடியாது. அதற்காகத்தான் சர்டிபிகேட் கேட்டு எழுதிப் போட்டார்கள்.

மருத்துவக் குழு வாணியைப் பார்த்தது மூன்று நிமிடம். நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தார். வாணி குனிந்து, பல்லடம், காரணம்பேட்டை, சூலூர், ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர் என்று பஸ் போர்டில் இருக்கிறபடியே அச்சுப்போல எழுதினாள். அவளுக்குப் பஸ் என்றால் உயிர். டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் அவள் கணுக்காலைப் பார்த்தார். அங்கே தோல் கறுத்து ஒரு தடம் இருந்தது. கட்டிப்போடுவீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள் சாந்தாமணி. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அவள் புருஷன் ராசப்பன் அதே குடோனில் தறி பழுதுபார்க்கும் பிட்டர். கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து அவளிடமே கொடுத்தான். அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட நம்மால் ஆகாது, இருக்கிறதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். பணம் வராவிட்டால் போகட்டும் என்றான்.

"பணம் போனாப் போகுதுங்க. நான் வளர்த்தது சரியில்லைன்னு எழுதிப்போட்டாங்களே, அதை அவிங்க கையாலயே அடிக்க வெக்கறேன்" என்றாள் அவள்.

மறுநாளே வாணியை இடுப்பில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

ஊனமுற்றோருக்குச் சலுகைகள் தரும் ஆபீஸில் லட்சுமணசாமி என்று ஒரு கிளார்க் இருந்தார். நெற்றி நிறைய விபூதி, பேச்சு நிறைய மரியாதை. வாங்கம்மணி, உட்காருங்கம்மணி என்றுதான் ஆரம்பிப்பார். குழு ஒருமுறை எழுதிவிட்டால் எழுதினதுதான் என்பதையும் அதே மரியாதையோடு சொன்னார். மறுபடி பார்க்கச் சொல்லக் கலெக்டரால் மட்டும்தான் முடியும், அவரும் சும்மா சொல்லமாட்டார் என்றார். பெயரை வாசித்தபோது, பேசாத பிள்ளைக்குக் கோகிலவாணியா என்று அவருக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. சாந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே மனு எழுதிக் கொடுக்கிற ஒருவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். அடுத்த தடவை போகும்போது பிள்ளைக்குத் தலையைச் சீவாதே, அழுக்குச் சட்டை போடு, முதல் நாளே தூக்க மாத்திரை கொடு. எச்சில் ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உடனே கிடைத்துவிடும், பென்சிலை மட்டும் கண்ணில் காட்டிவிடாதே என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பல பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"ஏனுங்க, என்ற புள்ளைக்குத் தெரிஞ்சது அந்த நாலெழுத்துத்தானுங்க. அதையும் தெரியாதுன்னு சொல்லிப்போட்டு நான் எதை வாங்கறது?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

டாக்டர் ராமாமணியிடம் போனாள். அவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு வருடம் முன்னால், தொண்ணூற்றைந்தில் வந்த புதுச் சட்டத்தில் ஏழு வகை ஊனம் எழுதியிருக்கிறது, அந்த ஏழில் ஆட்டிசம் கிடையாது என்றார். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. மனவளர்ச்சி குன்றியவர் என்ற கணக்கில்தான் கேட்க முடியும். ஆனால் எழுதத் தெரிந்த பிள்ளை என்றால் அந்தக் கணக்கிலும் தள்ளிவிடுவார்கள். தன் பங்குக்கு இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு ஒன்று சொன்னார். குழு பார்த்தது மூன்று நிமிடம், நீ பார்ப்பது நாள் முழுக்க. அந்த நாளை அப்படியே எழுது, ஒரு மாதம் எழுது, கூட்டாதே, குறைக்காதே.

சாந்தாமணி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். தாளை நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் வாணிக்குத் தெரிந்தது, மறுபக்கம் தெரியாதது என்று எழுத ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவள் பென்சில் பிடித்ததே இல்லை. தார் மாற்றுகிற இடைவெளியில் எழுதினாள். சோறு பொங்குவதற்குள் எழுதினாள்.

'தெரிந்தது: பஸ் பேர் எல்லாம் எழுதுவாள். சட்டைப் பொத்தான் போடுவாள். மழை வருவதை எனக்கு முன்னால் கண்டுபிடிப்பாள். தெரியாதது: பசிக்கிறது என்று சொல்ல. வெளிக்கு வருகிறது என்று சொல்ல. சுடும் என்று. வலிக்கிறது என்று. இன்றைக்குக் காலில் முள் ஏறி, சாயங்காலம் நான் பார்க்கிற வரைக்கும் அதோடு நடந்திருக்கிறாள்.'

இன்னொரு நாள்: 'ரோட்டுக்கு ஓடினாள், மூன்று முறை. ஒரு முறை லாரி நின்றது. லாரிக்காரர் என்னைத்தான் திட்டினார்.'

பன்னிரண்டாம் நாள் எழுதியது இது: 'இன்றைக்குக் குடோனில் அவள் காலைக் கட்டவில்லை. ஆபீஸில் அப்படி எழுதிவிட்டார்களே என்று கட்டவில்லை. காலையிலிருந்து நான் ஒரு தார்கூடச் சுற்றவில்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நாளைக்குச் சொல்வார்.' பதின்மூன்றாம் நாள் ஒரு வரிதான் இருந்தது. 'இன்றைக்குக் கட்டினேன்.'

ராசப்பன் நோட்டை எடுத்து ஒருநாள் படித்தான். படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தான். கலெக்டர் மனு வாங்குற நாளுக்கு நானும் வாரேன் என்றான். லீவு போட்டான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் போட்ட முதல் லீவு அது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க நின்ற கூட்டம் வாசல் தாண்டி ரோடு வரை இருந்தது. பட்டா, தண்ணீர், ரேஷன் கார்டு என்று ஆளுக்கொரு காகிதம். ஒரு மணி நேரம் வாணி தாங்கினாள். அப்புறம் தரையில் விழுந்து கத்தத் தொடங்கினாள். கூட்டம் விலகி வழி விட்டது. முன்னால் போய்க்கொள்ளுங்கள் அம்மணி என்றார்கள். ராசப்பன் வெட்கத்தில் தலை குனிந்து நின்றான். சாந்தாமணி பிள்ளையின் அருகில் தரையிலேயே உட்கார்ந்து, அவள் முதுகை அழுத்தித் தேய்த்துக்கொண்டு, எங்கள் முறை வரும்போது போகிறோம் என்று சொல்லிவிட்டாள். வழி விட்டவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்து அவளுக்கு நிழலாக நின்றார்கள்.

கலெக்டர் இளவயதுக்காரர். மனுவைப் படித்தார். நோட்டைப் புரட்டினார். மற்றவர்களுக்கு ஒரு நிமிடம் என்றால் இவளுக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"மறுபடி பாக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை ஒரு மணி நேரம் பாக்கோணும்னு எழுதுங்க" என்றாள்.

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு சிவப்பு மையில் எழுதினார். மறுபரிசோதனை செய்க, போதிய நேரம் எடுத்துக்கொள்க. ஒரு மணி நேரம் என்று எழுதவில்லை. போதிய நேரம் என்றால் எவ்வளவு என்பதைத் தானே பார்த்துக்கொள்வதாக சாந்தாமணி வெளியே வந்து புருஷனிடம் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்துக் குழு மறுபடி கூடியது. நடுவில் அதே பெரிய டாக்டர். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை. கலெக்டர் வரைக்கும் போனவள் என்ற கடுப்பு அவர் முகத்தில் தெரிந்தது. சாந்தாமணி வாணிக்கு இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி, பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடையைப் போட்டுக் கூட்டிவந்திருந்தாள். வாணியின் மணிக்கட்டு அவள் கைக்குள் இருந்தது.

டாக்டர் முதலில் கால் தடத்தைப் பற்றியே கேட்டார். இப்போதும் கட்டுகிறீர்களா என்றார்.

சாந்தாமணி பையிலிருந்து ஒரு பழைய சேலைக் கிழிசலை எடுத்து மேசைமேல் வைத்தாள். மடித்துத் தைத்து, உராயாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்திருந்தாள்.

"இதாலதானுங்க கட்டறேன். கட்டாத அன்னைக்கு நடந்ததையும் பாருங்க" என்று வாணியின் இடது கையை விரித்துக் காட்டினாள். நடுவிரலிலும் மோதிர விரலிலும் நுனி இல்லை. கட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒருநாள் ஓடுகிற தறியில் கை வைத்தது. "போன தடவை காலைப் பாத்தீங்க. கையைப் பாக்கலீங்க. வேற என்ன பண்ணோணும்னு நீங்களே எழுதிக் குடுங்க, அப்படியே செய்யறேன்."

பக்கத்தில் இருந்த இன்னொரு டாக்டர் குனிந்துகொண்டார். பெரிய டாக்டர் தொண்டையைக் கனைத்துவிட்டு, பிள்ளையின் கையை விடும்படி சொன்னார். தாய் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் பிள்ளை என்ன செய்யும் என்று எப்படித் தெரியும் என்றார்.

"விடறேனுங்க. ஆனா நான் விட்டா நீங்க புடிக்கோணும்."

அவர் சரி என்றார். சாந்தாமணி கையை விட்டாள். வாசலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் உட்கார வேண்டும் போல அவள் உடம்பு துடித்தது. ஆனாலும் அவர் காட்டிய நாற்காலியில், சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. வாணி தரையில் உட்கார்ந்து தாளில் பஸ் பெயர் எழுதினாள். டாக்டர் கூப்பிட்டார்; திரும்பவில்லை. பொம்மை கொடுத்தார், அதன் சக்கரத்தை மட்டும் சுற்றினாள். இருபது நிமிடம் ஆயிற்று. பிள்ளை அமைதியாகத்தானே இருக்கிறாள் என்று பெரிய டாக்டர் பேனாவை எடுத்தார். அழுக்குச் சட்டை போடச் சொன்ன மனு எழுதுகிறவரின் முகம் சாந்தாமணியின் நினைவில் ஒரு கணம் வந்து போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது வெளியே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. வாணி எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. கதவு ஆடியதைத்தான் பார்த்தார்கள்.

பெரிய டாக்டர் ஓடினார். வயதான மனிதர், வராந்தாவில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அட்டெண்டர் ஓடினார். அவர்கள் எல்லோரையும் தாண்டி சாந்தாமணி ஓடினாள். வெளிவாசலுக்கு அப்பால், ரோட்டின் விளிம்பில், பாவாடையைப் பற்றிப் பின்னால் இழுத்து விழுந்தாள். பஸ் கிறீச்சென்று நின்றது. வாணிக்குப் பயம் என்பதே இல்லை. தலையை உயர்த்திப் பஸ்ஸின் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் எட்டிப் பார்த்து, பிள்ளையை வளர்க்கத் தெரியாதா என்று கத்தினார்.

மூச்சு வாங்க வந்து நின்ற டாக்டர் அதைக் கேட்டார். அவர்தான் டிரைவருக்குக் கைகாட்டிப் போகச் சொன்னார். ஒரு கால் செருப்போடு உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி என்று கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது. சாந்தாமணியின் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். வெளியே காத்திருந்தவர்களுக்கு டீ சொல்லிவிட்டுப் படித்தார். பதின்மூன்றாம் நாள் பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.

சர்டிபிகேட் எழுத லட்சுமணசாமி வந்தார். மனவளர்ச்சி குன்றியவர், கடுமையான நிலை என்று பூர்த்தி செய்து, இங்கே கையெழுத்துப் போடுங்க அம்மணி என்று நீட்டினார். சாந்தாமணி படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். இரண்டு விஷயம் இருக்கிறது என்றாள். பழைய கடிதத்தில் வளர்ப்புக் குறை என்று எழுதியதை அடிக்க வேண்டும். புதுத் தாளில் ஆட்டிசம் என்று எழுத வேண்டும். கிடைக்கிறதை வாங்கிக்கொண்டு போங்க அம்மணி என்று லட்சுமணசாமி பதறினார். வாசலில் நின்ற ராசப்பனும் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

பெரிய டாக்டர் பொறுமையாக விளக்கினார். சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. எழுதினாலும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"சட்டத்துல இல்லைங்கறதுக்காக என்ற புள்ளைக்கு இல்லாமப் போயிருமாங்களா? நாளைக்குச் சட்டத்துல எழுதறப்ப, இந்தப் புள்ளைக்கு அன்னைக்கே இருந்துச்சுன்னு ஒரு தாளாவது இருக்கோணுமுங்க."

வாணி மேசையடியில் உட்கார்ந்து டாக்டரின் நாற்காலிச் சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்காலி லேசாக அசைந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை. சர்டிபிகேட்டை வாங்கி, அடியில் இருந்த வெற்றிடத்தில் ஆட்டிசம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் தன் கையால் எழுதினார். பழைய பைலைக் கொண்டுவரச் சொல்லி, அந்த ஒரு வரியின்மேல் கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் இட்டார். மன்னிப்பு என்று ஒன்றும் அவர் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. கோடு நேராக விழுந்ததா என்று மட்டும் குனிந்து பார்த்தாள்.

பஸ் பாஸ் பத்து நாளில் வந்தது, பிள்ளைக்கும் கூடப் போகிறவருக்கும். கார்த்திகையில் வாணி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். முதல் வாரம் முழுக்க அழுதாள். மூன்றாவது வாரம் டீச்சரின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை சாந்தாமணிக்குக் கிடைத்தது. கணுக்காலில் இருந்த கறுப்பு முழுவதுமாக மறையவில்லை. ஆனால் தோல் மிருதுவாகிக்கொண்டு வந்தது.

உதவித்தொகை மட்டும் வரவில்லை. இந்த வருடத்து ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது, பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது என்று லட்சுமணசாமி அதே மரியாதையோடு சொன்னார். பட்டியலில் எத்தனையாவது பெயர் என்று கேட்டாள். அது சொல்லக்கூடாது அம்மணி என்றார்.

அடுத்த திங்கட்கிழமை வாணியைப் பள்ளியில் விட்டுவிட்டு சாந்தாமணி கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றாள். கையில் பட்டியலைக் காட்டச் சொல்லும் மனு. அவளுக்கு முன்னால் சூலூர்க்காரப் பெண் ஒருத்தி, தோளில் கழுத்து நிற்காத ஒரு பையனைச் சாய்த்துக்கொண்டு, எழுதாத வெள்ளைத் தாளோடு நின்றாள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றாள்.

"சித்தெ அந்தப் பக்கம் வாங்கொ" என்று சாந்தாமணி அவளைச் சுவரோரம் கூட்டிப்போனாள். தாளைச் சுவரில் வைத்து, நடுவில் கோடு போட்டாள். "மொதல்ல பையனுக்கு என்னென்ன தெரியும், அதைச் சொல்லுங்க."